கறிவேப்பிலைச் செடியோரம் பத்து நாள்

"மாமா, இங்க வந்து பாருங்க. காக்கா எச்சம் நடக்குது!"

தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கப் போன தங்கை மகள் கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிட்டாள். ராஜபாளையத்தில் அப்போது மே மாதம். கோடை மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்ததால் செடி தளதளவென்று துளிர்த்திருந்தது. இளந்துளிரின் மேல் பழுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, சுண்டுவிரல் நகத்தின் நீளத்துக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பறவை எச்சம் என்று நினைத்து யாரும் கையை இழுத்துக்கொள்வார்கள். அது மெல்ல நகர்ந்து இலையின் ஓரத்தைக் கடித்தது.

அவள் பிளஸ் டூ முடித்திருந்தாள். மதிப்பெண் வந்துவிட்டது, கலந்தாய்வு வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அடுத்து என்ன?" "சும்மாதான் இருக்கேன்" என்பாள். சொல்லும்போதே முகம் வாடிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளையும் இல்லை, கல்லூரி மாணவியும் இல்லை. அந்த நாட்களில் நாங்கள் இருவரும் காலையில் பல் தேய்த்ததும் போய்ப் பார்த்தது அந்தப் புழுவைத்தான்.

எலுமிச்சை அழகியா, கறிவேப்பிலை அழகியா என்று முதலில் தெரியவில்லை. இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலைக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும். சிறு வயதில் இரண்டின் புழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி, எச்சம் போலவே இருக்கும். எச்சத்தைக் கொத்தித் தின்ன எந்தக் குருவியும் வராது. இந்த வேடத்தில்தான் புழு நான்கு பருவங்களைக் கழிக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தோல் இறுகிப் போகும், உரித்துப் போட்டுவிட்டுப் பெரிதாகும். நான்காம் முறை உரித்ததும் வேடமே மாறிவிடுகிறது. ஒரு நாள் காலையில் எச்சம் காணாமல் போய், அதே கிளையில் கறிவேப்பிலையின் பச்சையில் கொழுத்த புழு ஒன்று உட்கார்ந்திருந்தது. "இது வேற புழு மாமா" என்று அவள் சாதித்தாள். அதே புழுதான். குச்சியால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்கு போல இரட்டையாகப் பிளந்த சிவந்த உறுப்பு ஒன்று வெளியே நீண்டது. கூடவே ஒரு நெடியும் அடித்தது. எறும்பையும் குளவியையும் விரட்டும் ஏற்பாடு அது.

எச்சம் பச்சையாவதற்குக் காரணம் ஒரு ஹார்மோன். பூச்சிகளின் உடம்பில் இளமை ஹார்மோன் என்று ஒன்று உண்டு. அது இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு தோலுரிப்பிலும் புழு இன்னும் பெரிய புழுவாகத்தான் ஆகும். எங்கள் புழுவின் நெருங்கிய உறவினமான ஓர் ஆசிய வண்ணத்துப்பூச்சியில், நான்காம் பருவத்தில் இந்த ஹார்மோன் குறைவதுதான் எச்ச வேடத்தைக் களைந்து பச்சை வேடத்தைப் போட வைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுட்டாஹாஷியும் ஃபுஜிவாராவும் 2008இல் காட்டினார்கள். ஐந்தாம் பருவத்தின் கடைசியில் அது அடியோடு குறைகிறது. தோலுரிக்கச் சொல்லும் இன்னொரு ஹார்மோனான எக்டைசோன் அப்போது சுரந்தால் புழு கூட்டுப்புழுவாகிறது. இந்த எக்டைசோனை முதன்முதலில் தூய நிலையில் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மனியின் புட்டனான்ட்டும் கார்ல்சனும், 1954இல். அதற்காக 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களை அரைத்துப் பிழிந்தார்கள். கிடைத்தது 25 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. ஓர் உயிரின் வடிவத்தையே மாற்றும் உத்தரவு இத்தனை சொற்பமான பொருளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் புழு தின்பதை நிறுத்தியது. குடலில் இருந்ததையெல்லாம் ஒரு சொட்டு நீராக வெளியேற்றிவிட்டுச் செடியை விட்டு இறங்கி நடந்தது. காம்பவுண்டுச் சுவரோரம் சாத்தியிருந்த காய்ந்த கம்பு ஒன்றில் ஏறி நின்றது. வால் பக்கம் பட்டு நூலால் ஒரு திண்டு நெய்தது. பிறகு தலையை இப்படியும் அப்படியும் வளைத்து இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டு, கரண்டுக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் இடுப்பு வாரில் சாய்ந்து நிற்பதுபோல் சாய்ந்தது. மறுநாள் தோல் முதுகில் வெடித்தது. உடம்பை நெளித்து நெளித்துத் தோலை வால் வரைக்கும் தள்ளிக் கழற்றி எறிந்தது. கண், வாய், கால் என்று எதுவும் வெளியே தெரியாத ஒரு பழுப்புக் கட்டை மிஞ்சியது, காய்ந்த மரச்சிராய் போல. பச்சைத் தண்டில் கட்டியிருந்தால் பச்சையாக இருந்திருக்கும். இடத்துக்கேற்ற நிறத்தை அது தோலுரிக்கும் முன்பே தேர்ந்துவிடுகிறது.

"செத்துப் போச்சா மாமா?"

லேசாகத் தொடச் சொன்னேன். அடிவயிறு ஒரு முறை துடித்துத் திரும்பியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பத்து நாள் அது சும்மா இருந்தது.

அப்படித்தான் உலகம் வெகு காலம் நினைத்தது. கூட்டுப்புழுவை இரண்டாவது முட்டை என்று கருதினார் அரிஸ்டாட்டில். புழு ஒரு உயிர், பூச்சி இன்னொரு உயிர், ஒன்று செத்து மற்றது பிறக்கிறது என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. அதைக் கத்தரிக்கோலால் உடைத்தவர் நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம். கூடு கட்டத் தயாராகும் புழுவின் தோலை நுணுக்கமாகப் பிரித்து, அடியில் சுருண்டு மடிந்திருந்த இறகுகளைப் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டினார். இறகு கூட்டுக்குள் முளைப்பதில்லை. இலை தின்றுகொண்டு திரியும் காலத்திலேயே, சில செல்களின் மடிப்பாகப் புழுவுக்குள் அது காத்திருக்கிறது.

இக்காலத்தில் வேறொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கூட்டுக்குள் புழு முழுவதும் கரைந்து கஞ்சியாகிவிடும், அந்தக் கஞ்சியிலிருந்து வண்ணத்துப்பூச்சி புதிதாக உருவாகும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இது பாதிதான் உண்மை. முதல் சில நாட்களில் கூட்டைக் கீறினால் குழகுழவென்று ஒரு திரவம் வழியும் என்பது சரி. புழுவின் தசைகளில் பெரும்பகுதி சிதைந்துபோகிறது. இலை அரைத்த குடலின் உட்சுவர் உதிர்ந்து, தேன் குடிக்க ஏற்ற வேறொரு குடல் உருவாகிறது. கம்பைப் பற்றியிருந்த சதைக் கால்கள் மறைகின்றன. ஆனால் எல்லாம் கரைவதில்லை. 2013இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உயிரோடிருக்கும் கூட்டுப்புழுக்களை எக்ஸ்ரே சிடி ஸ்கேனில் வைத்து, அதே புழுவைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள். மூச்சுக் குழாய்களின் வலை முதலிலேயே தெளிவாகத் தெரிந்தது. கடைசிவரை பெரிதாக மாறவும் இல்லை. முதுகோரம் நீளும் குழாய் போன்ற இதயமும் கரையாமல் நிலைக்கிறது. வீட்டை இடித்துக் கட்டும்போதும் தண்ணீர்க் குழாயும் மின்சார இணைப்பும் அறுபடாமல் பார்த்துக்கொள்கிற கொத்தனாரின் வேலை இது.

அந்தப் பத்து நாளில் உள்ளே ஒரு பருக்கை போகாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாது. புழுக் காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பும் புரதமும்தான் முதல். கரைந்த தசையும் வீணாவதில்லை. அதன் அமினோ அமிலங்கள் இறகுக்கும் காலுக்கும் போகின்றன. கூட்டுப்புழு வாங்கும் ஆக்சிஜனை அளந்தால் முதலில் குறைந்து, நடுவில் அடங்கி, கடைசியில் ஏறும். அடங்கிய நடு நாட்களைப் பார்த்துத்தான் நாம் தூக்கம் என்று நினைத்துவிடுகிறோம். இறகின் மேலிருக்கும் ஒவ்வொரு செதிலும் ஒரே ஒரு செல் செய்த வேலை. ஆயிரக்கணக்கான செல்கள் தத்தம் இடத்தில் நின்று, தத்தம் நிறத்தைக் கடைசி நாட்களில் பூசி முடிக்கின்றன.

நடுவில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். கோயிலில் சேவித்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் பால்கோவாக் கூடத்தைப் பார்க்கப் போனோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பால்கோவாதான். விறகடுப்பில் பெரிய வாணலி, பாலும் சர்க்கரையும், நீண்ட துடுப்பு. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அது ஆவியாகிப் போகப் போக, தனித்தனியாக மிதந்த கேசின் புரத உருண்டைகள் நெருங்கி ஒட்டுகின்றன. பால் திரிந்தால் தெளிநீரில் தங்கும் வகைப் புரதங்கள் சூட்டில் சுருள் அவிழ்ந்து கேசினோடு பின்னிக்கொள்கின்றன. பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிந்து மெல்லிய பழுப்பையும் மணத்தையும் தருகின்றன. கிண்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் இவள் கேட்டாள், "எந்த நேரம் தாத்தா கஷ்டம்?" வாணலியைக் காட்டினார். பாலாகவும் இல்லை, கோவாவாகவும் இல்லை, சேறு போலக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. "இந்தா, இந்த நேரந்தான் தாயி. இப்பக் கைய எடுத்தா அடி பிடிச்சிரும்." திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

நம் ஊர்ப் பெரியவர்கள் நிலைப்படியில் உட்கார விடமாட்டார்கள். நிலைப்படியில் நின்றபடி பணம் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். உள்ளும் இல்லாத, வெளியும் இல்லாத அந்த இடத்தின் மேல் ஒரு பயமும் மரியாதையும் இருந்தது. 1909இல் அர்னால்ட் வான் கெனெப் என்ற பிரெஞ்சு அறிஞர் உலகெங்கும் உள்ள சடங்குகளை ஒப்பிட்டு, ஒரு நிலையிலிருந்து பிரிதல், நடுவில் தங்குதல், புதிய நிலையில் சேர்தல் என்று மூன்று கட்டங்களைக் கண்டார். நடுக் கட்டத்துக்கு அவர் வைத்த பெயரின் வேர்ச்சொல்லுக்கு நிலைப்படி என்றே பொருள். நம் பக்கத்தில் பெண் பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து குச்சு கட்டுவது இந்த நடுக் கட்டம்தான். அதில் தீட்டு என்ற கொடுமை கலந்திருந்தது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வீட்டிலும் கட்டவில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்துக்கென்று ஓர் இடம் வேண்டும், அதிலிருப்பவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்ற புரிதலையும் சேர்த்தே தொலைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. "அடுத்து என்ன?" என்று வாசலிலேயே கேட்கிறவர்கள் இன்று ஏராளம்.

சரி, கூட்டுக்குள் அத்தனையும் மாறும்போது, புழுவாக இருந்த காலம் பூச்சிக்கு நினைவிருக்குமா? இந்தக் கேள்வியை வாஷிங்டன் நகரத்தில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பிளாக்கிஸ்டன், கேசி, வைஸ் ஆகிய மூவரும் சோதனையாகவே செய்து பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். புகையிலைச் செடியைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். வாசனை வந்தாலே விலகிப் போகப் புழுக்கள் கற்றுக்கொண்டன. பிறகு கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளிவந்தன. அந்த வாசனை வரும் பாதையும் சாதாரணக் காற்று வரும் பாதையும் முன்னால் இருந்தபோது பெரும்பாலான பூச்சிகள் வாசனையை ஒதுக்கின. கடைசிப் புழுப் பருவத்தில் கற்றவற்றுக்குத்தான் இது நினைவிருந்தது. அதற்கு முன்பே, மூன்றாம் பருவத்தில் கற்றவை மறந்துவிட்டன. பிந்திய பருவத்தில் உருவாகும் மூளை நரம்புகள் சில கூட்டைத் தாண்டியும் நிலைப்பதால் இருக்கலாம் என்று கருதினார்கள்.

எல்லாப் பூச்சிக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜேம்ஸ் ட்ரூமன் குழுவினர் 2023இல் பழ ஈயின் மூளையில் நினைவுக்கான பகுதியை நரம்பு நரம்பாகப் பின்தொடர்ந்தார்கள். கூட்டுக்குள் அங்கே பழைய இணைப்புகள் அவிழ்ந்துவிடுகின்றன. நினைவு தங்க வழி தெரியவில்லை. ஆனால் அவர்கள் கண்ட இன்னொன்று எனக்கு நினைவைவிடப் பெரிதாகப் படுகிறது. புழுவின் மூளையில் ஒரு வேலை பார்த்த நரம்புச் செல்களில் சில சாகவில்லை. தங்கள் பழைய கிளைகளைச் சுருக்கிக்கொண்டு, புதிய கிளைகளை நீட்டி, ஈயின் மூளையில் முற்றிலும் வேறு வேலைக்குப் போய்ச் சேர்ந்தன. மில் மூடியதும் அதே ஊரில் வேறு தொழில் கற்றுப் பிழைத்த மனிதர்களை ராஜபாளையத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த நடு நாட்கள் ஆபத்தானவை. கூட்டுப்புழுவால் ஓட முடியாது, நெடி வீசவும் முடியாது. புழு தோலுரிக்கும் நேரத்தை மோப்பம் பிடித்துப் பக்கத்திலேயே காத்துக்கிடக்கும் கடுகளவுக் குளவி ஒன்று உண்டு. புதிதாக உரிந்த கூட்டின் மேல்தோல் சில மணி நேரம் மெத்தென்றிருக்கும். அப்போது ஊசி போல் குத்தி உள்ளே முட்டையிட்டுவிடும். எங்கள் சுவரோரத்திலேயே முன்பு பார்த்த வேறொரு கூட்டில் குண்டூசித் துளை ஒன்று இருந்தது. அதன் வழியே பச்சைப் பளபளப்போடு குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அழகி வரவேயில்லை.

இத்தனை ஆபத்தான ஒரு பருவத்தை இயற்கை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது? வெட்டுக்கிளிக்கும் கரப்பானுக்கும் இது கிடையாது. குஞ்சே சின்னப் பூச்சியாகப் பிறந்து வளரும். ஆனால் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சில பூச்சிகள் இந்த நடுப் பருவத்தோடு வாழத் தொடங்கிவிட்டன. இன்று அறியப்பட்ட பூச்சி இனங்களில் 80 சதவீதத்துக்கு மேல் அவற்றின் வழிவந்தவைதான்: வண்டு, எறும்பு, தேனீ, ஈ, வண்ணத்துப்பூச்சி எல்லாம். தின்பதற்கென்றே ஓர் உடம்பு, பறந்து இணை தேடுவதற்கென்றே வேறோர் உடம்பு. பிள்ளை இலையைத் தின்ன, தாய் பூவில் குடிக்க, இருவருக்கும் உணவில் சண்டையில்லை. இரண்டு உடம்புக்கும் நடுவே அந்தப் பத்து நாள் இருப்பதால்தான் இது முடிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை வனத்தை 2021இல் புலிகள் காப்பகமாக அறிவித்தபோது புலியும் சாம்பல் நிற மலை அணிலும் செய்தியில் வந்தன. ஆனால் அந்த வனத்தை ஒட்டிய செண்பகத்தோப்பில் பூத்த செடி ஒவ்வொன்றிலும் பறப்பவற்றில் பெரும்பாலானவை இந்த நிலைப்படியைத் தாண்டி வந்தவைதான்.

பத்தாம் நாள் மாலை கூடு கறுத்தது. தோல் கண்ணாடி போலாகி உள்ளே கரிய இறகும் ஒரு சிவப்புப் பொட்டும் தெரிந்தன. அவள் விடியும் முன்பே எழுந்து நாற்காலி போட்டுக்கொண்டாள். ஆறரை மணி வாக்கில் கூட்டின் தலைப்பக்கம் கீறல் விட்டது. கால்கள் வந்தன, ஈரமான, கசங்கிய, சுருங்கிய எதுவோ வந்தது. கம்பில் தொங்கிக்கொண்டு உடம்பின் நீரை இறகு நரம்புகளுக்குள் தள்ளித் தள்ளி விரித்தது. பத்து நாளின் கழிவை ஒரு செந்நிறச் சொட்டாக வெளியேற்றியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்தது.

கறிவேப்பிலை அழகிதான், அதிலும் பெண். பின்னிறகின் நடுவே வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள். பார்த்த மாத்திரத்தில் ரோசா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி என்றே யாரும் சொல்வார்கள். ரோசா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேற்றிக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகிப் பெண்களில் ஒரு வகை அதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. உடம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: ரோசா அழகிக்குச் சிவப்பு உடம்பு, இதற்குக் கறுப்பு. ஆணைப் போன்ற பெண்ணும், இரண்டு வகை ரோசா வேடம் போடும் பெண்களும் ஒரே இனம்தான் என்று 1865இல் எழுதினார் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். எந்தப் பெண் எந்த வேடம் போடும் என்பதை டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு முடிவு செய்கிறது என்று 2014இல் பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள் கூட்டுப்புழுவின் இறகில் அந்த மரபணுவை அடக்கினார்கள். அடக்கிய இடத்தில் ரோசா வேடம் கலைந்து, சாதாரணப் பெண்ணின் கோலம் வந்தது. யாராக வெளியே வருவது என்பதன் கடைசி வேலையும் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே நடந்து முடிகிறது.

எட்டு மணிக்குள் அது சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாமரத்துக்கு மேல் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்த பெரியம்மா ஒருவர் இவளிடம் வழக்கம் போல் கேட்டார். "கலந்தாய்வுக்குக் காத்திருக்கேன் பெரியம்மா" என்றாள். சும்மா என்ற சொல் வரவில்லை.

உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் எச்சம் போல ஏதாவது ஊர்ந்தாலோ, பக்கத்துச் சுவரிலோ கம்பிலோ மரச்சிராய் போல ஏதாவது நூல் கட்டித் தொங்கினாலோ மருந்து அடிக்காதீர்கள். நான்கு ஈர்க்கு இலை குறையும். அடுத்த மழைக்குச் செடி திரும்பத் துளிர்க்கும். கூட்டைப் பிய்க்காமல், கம்பை இடம் மாற்றாமல், பத்து நாள் விட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.